மிருதங்கக்காரர் கண்ணை மூடியபோது

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை பள்ளிக்கூட நோட்டில் ஆரம்பித்தேன். முதல் தடவை என்னை நல்லவனாகக் காட்டி எழுதியிருப்பது எனக்கே தெரிந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த தடவை மிருதங்கக்காரரை மகான் போல எழுதிவிட்டேன். அதுவும் உண்மை இல்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுதினால் கை பொய் எழுதக் கூசும் என்று இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசித்த ஒருவர், குடித்துவிட்டு வேன் ஓட்டினார் என்றும், குடிக்கவே இல்லை என்று அம்மன் முன்னால் சூடம் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தார் என்றும், அதற்காக அம்மன் அவர் கையை முறித்தாள் என்றும் இந்த ஊரில் இன்றும் பேசுகிறார்கள். அவர் குடிக்கவில்லை. அவர் செய்த சத்தியம் பொய் இல்லை. சத்தியம் வாங்கியவனே நான்தான்.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. எங்கள் பஜனைக் கூடம் பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்டது. உள்ளே ஒரு முழ உயரத்துக்கு மேடை. பாடுகிறவர் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை. அவரைப் பாகவதர் என்றே கூப்பிடுவோம். ஆர்மோனியத்துக்கு ஒருவர். மிருதங்கத்துக்கு இவர். கைத்தாளம் நான். எனக்கு முனிசிபலில் தண்ணீர்க் குழாய் வேலை. சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றுவேன். மிருதங்கக்காரருக்குத் தொழில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. காலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குத் திரும்புவார். எல்லாம் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள். அப்போது ஒன்பது வயது. மேடையில் அவரைப் பார்த்து எனக்கு வந்த பயம் எல்லாம் அவளுக்காக வந்த பயம்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. விருத்தம் பாடும்போது தாளம் கிடையாது. பாகவதர் ஒரு வரியைப் பிடித்து இழுத்து, உருக்கி, ஆறுதலாகப் பாடுவார். மிருதங்கமும் கைத்தாளமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கூடமே அமைதியாக இருக்கும் அந்த நேரம் பார்த்து இவருக்கு இருமல் வரும். ஒரு வெள்ளிக்கிழமை பாகவதர் மேடையிலேயே திரும்பிவிட்டார்.

“யோவ், நான் முருகனக் கூப்புடுறேன். நீ என்னாய்யா, ரயிலக் கூப்புடுறியா?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்த மாதிரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது என் மனைவியிடம் சொன்னேன்: “அது நல்ல இருமலாத் தெரியல. நெஞ்சு நோயா இருக்குமோ என்னமோ.” சொன்னது அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நெஞ்சு நோய் என்றால் அந்த வீட்டுத் தம்ளரில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். என் மனைவி கிணற்றடியில் யாரிடம் சொன்னாளோ, அடுத்த வாரமே இரண்டு வீட்டில் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினொன்று ஒன்பது ஆனது. என் மகளை நான் நிறுத்தவில்லை. வாயில் கைக்குட்டை வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு இருமல் நின்றுவிட்டது. ஒரு மாதம் வாட்டிய இருமல் ஒரே நாளில் எப்படி நிற்கும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அம்மன் செயல் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணை மூட ஆரம்பித்தார். விருத்தம் தொடங்கியதும் தலை லேசாக ஆடும். இமை இறங்கும். இரண்டு கையும் மிருதங்கத்தின் மேல் அப்படியே கிடக்கும். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பெரிய பக்தியாகத் தெரிந்தது. “பாரு, எப்படி உருகிப் போயிருக்காரு” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். முன்வரிசையில் உட்கார்ந்து சலசலத்த என் மகளையும் அவள் கூட்டாளிகளையும் நானே அதட்டியிருக்கிறேன்: “மாமா சாமி கும்புடுறாரு, சத்தம் போடக்கூடாது.” அவர்கள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்துகொள்வார்கள்.

எங்கள் சந்துக்குப் பக்கத்தில் மலாக்காச் செட்டிமார் குடும்பங்கள் உண்டு. நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவர்களில் ஓர் அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் பூ கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருவார். மலாயில் அக்காவுக்குச் சொல்கிற மாதிரி கக்கா என்று கூப்பிடுவோம். பாட்டின் தமிழ் அவருக்குப் புரியாது. அதனால் பாடுகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டும்போது மிருதங்கக்காரரைத் தாடையால் காட்டி, “டியா தீடோர்” என்றார். அந்த ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. “இல்ல கக்கா, செம்பாயாங்” என்றேன். சாமி கும்பிடுகிறார் என்று.

அவர் வெற்றிலை வாயோடு சிரித்தார். அப்புறம் தெரிந்த தமிழில் சொன்னார்: “சாமி கும்புட்டா வாய் ஏன் தொறக்குது?”

நம் பாட்டு புரியாதவளுக்கு நம் பக்தி எப்படிப் புரியும் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை என் கண் பாட்டில் இல்லை. விருத்தம் ஆரம்பித்தது. தலை ஆடியது, இமை இறங்கியது, தாடை மெல்லக் கழன்று தொங்கியது. ஜிப்பாவின் மார்பில் எச்சில் ஒரு சொட்டு விழுந்தது. கக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு ஆண்பிள்ளை சாயங்காலம் ஆறரை மணிக்கு உட்கார்ந்தபடி தூங்குவான் என்றால் எதனால்? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கள். அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் எனக்கு அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. பசியாற வரச் சொன்னால் வரமாட்டார்: வாடை தெரிந்துவிடும் என்ற பயம். பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்: அதே பயம். மிருதங்கம் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லி மேடையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சில் இனிப்பாக, சோம்பு போட்ட மாதிரி ஒரு வாசனை. கள்ளை மறைக்கச் சோம்பு மெல்லுகிறார் என்று முடிவு கட்டினேன். கள்ளுக்கடைப் பக்கம் இல்லாத குழாய்க்கு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு மூன்று சாயங்காலம் போய் நின்றேன். அவர் வரவில்லை. எங்கள் பஜனைக் குழுவில் கைத்தாளம் தட்டுகிறவன் கள்ளுக்கடை வாசலில் நிற்கிறான் என்று என்னைப் பற்றித்தான் யாராவது பேசியிருப்பார்கள்.

ஒருநாள் கூடத்துக்கு நான் முதலில் போய்விட்டேன். அவர் மிருதங்கத்தை வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போயிருந்தார். பக்கத்தில் அவர் துணிப்பை. தொட்டுப் பார்த்தேன். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்புகிற ரவை உருண்டைக்கான கிண்ணம், சுதி சேர்க்கும் கல், அதற்கடியில் போத்தல் மாதிரி உருண்டையாக ஒன்று. கயிற்றை அவிழ்க்கக் கை போனது. வாத்தியப் பையைத் திருட்டுத்தனமாகத் திறப்பது பாவம் என்று தோன்றியதும் விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்தப் பாவத்தைச் செய்திருக்கலாம்.

சுதந்திரம் வந்ததற்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பஜனை வைத்தோம். கூடம் நிறைந்து வெளியே பந்தல் வரைக்கும் ஆட்கள். மத்தியானம் பாகவதர் நீளமாக ஒரு விருத்தம் எடுத்தார். இவர் தூங்கியே போய்விட்டார். எங்கோ ஒரு கைக்குழந்தை வீரிட்டது. திடுக்கிட்டு விழித்தவர், பாட்டு தாளத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து, அந்த அமைதியின் நடுவே ‘தொம்’ என்று ஓர் அடி அடித்தார். பாகவதர் பாவம், அதையே எடுப்பாக வைத்துக்கொண்டு பாட்டுக்குள் புகுந்துவிட்டார். சனங்களுக்குப் புல்லரித்துவிட்டது. பாட்டு முடிந்ததும் ஒரு பெண் வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் நெருப்பை மிதித்தவர் போலக் காலை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இப்போது யோசித்தால், உதவிக்குப் பார்த்தாரோ என்று இருக்கிறது.

மறுவாரம் ஒரு காலையில் வேனுக்குப் பின்னால் சைக்கிளில் போனேன். ரப்பர் மரங்களுக்குள் போகிற ரோட்டில் வேன் ஓரமாக நின்றது. மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் இறங்கி, ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு தன் கன்னத்தில் தானே பளார் பளார் என்று அறைந்துகொண்டார். உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் முன்சீட்டில் இருந்து கை தட்டினாள். ராத்திரி குடித்த போதை காலை வரை இறங்கவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானமே கூடத்துக்கு வரச்சொல்லி அவரைக் கேட்டேன்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். என் மக உங்க காடியில வருது.”

“ஆமா தம்பி. அது வாய் மூடாது. பத்து பெரெண்டாம் வரைக்கும் ஒரே கதைதான்.”

“நீங்க குடிக்கிறீங்களா?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நான் கேக்கறேன். மேடையில தூங்குறீங்க. உங்க மேல ஒரு வாசம் அடிக்குது. நான் புள்ளையப் பெத்தவன்ணே.”

அவர் எழுந்து போய், அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார். அது நன்றாக எரியும் வரை காத்திருந்து, வலது உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார். “கள்ளு, சாராயம், பீரு, எது என் நாக்குல பட்டிருந்தாலும் இந்தக் கை வெளங்காமப் போகட்டும்.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடம் அடித்துச் சத்தியம் செய்த பிறகு மனுஷனுக்கு மேலே கேட்க என்ன இருக்கிறது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை கருத்திருந்தது.

“வேற எதாச்சும் கேக்கணுமா தம்பி?” என்றார்.

“போதும்ண்ணே” என்றேன்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷம் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். அவர் தூங்குகிறார் என்று எனக்குத் தெரியும். ஏன் தூங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. குடிக்கவில்லை என்றதும் பாவம் இல்லை என்று ஆனது, பாவம் இல்லை என்றதும் ஆபத்தும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சத்தியத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலை மகளை நானே முன்சீட்டில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பின் இரண்டாவது வாரம். நல்ல வெயில், காய்ந்த ரோடு. பத்து பெரெண்டாமிலிருந்து திரும்புகிற வழியில், நேராகப் போகிற இடத்தில், வேன் ரோட்டை விட்டு இறங்கிப் பாரிட்டில் விழுந்தது. பாரிட் என்றால் ரப்பர்த் தோட்டத்து ஓரமாக வெட்டிய பெரிய வாய்க்கால். அம்மன் புண்ணியத்தில் உயிர் எதுவும் போகவில்லை. என் மகளுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு பையனுக்கு முன்பல் இரண்டு போனது. அவருக்கு ஸ்டியரிங்கில் மாட்டி வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போட்டிருந்தார்கள். எப்படி விழுந்தது என்று கேட்டேன்.

“மாமா கண்ண மூடிக்கிட்டாருப்பா.”

“நீங்க யாரும் கூப்புடலையா? கத்தலையா?”

“சாமி கும்புடுறாருன்னு நெனச்சோம். கோயில்ல மாதிரியே தலைய ஆட்டுனாரு. அப்ப சத்தம் போடக்கூடாதுல்ல?”

ஒன்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மரியாதையாக. நான் எழுந்து வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது.

அந்தத் தாழ்வாரத்தில்தான் காயத்துக்குக் கட்டுப் போடுகிற தமிழ் டிரஸ்ஸர் ஒருவர் என்னிடம் ஒரு பழுப்புப் போத்தலைக் காட்டினார். வேனில் கிடந்ததாம். மூடியைத் திறந்து முகரச் சொன்னார். அதே சோம்பு வாசனை.

“இருமல் மருந்துங்க. ஒரு கரண்டி குடிச்சாலே தூக்கம் வரும். குடிச்சிட்டு வண்டி ஓட்டவே கூடாது. இவரு தண்ணி மாதிரி குடிச்சிருக்காரு போல.”

“நெஞ்சு நோயா?” என்றேன். அப்போதும் அதைத்தான் கேட்டேன்.

“நெஞ்செல்லாம் சுத்தமா இருக்கு. வெறும் சளி. விட்டிருந்தா அப்பவே தானாப் போயிருக்கும்.”

உள்ளே போய் அவர் கட்டிலருகில் நின்றேன். அவர் முதலில் கேட்டது என் மகளைத்தான். பிறகு தானாகவே சொன்னார்: “இருமினா மிச்சப் புள்ளைங்களையும் நிறுத்திடுவாங்கன்னு பயந்துட்டேன் தம்பி. யாரோ நெஞ்சு நோய்னு கெளப்பி விட்டுட்டாங்க. பாகவதரும் பாட்டு கெடுதுன்னு சொன்னாரு. காலையில ஒரு வாய், பஜனைக்கு முன்ன ஒரு வாய். தூக்கந்தானே, தலையில தண்ணி ஊத்துனாப் போயிடும்னு நெனச்சேன். அன்னைக்கு உங்கிட்ட சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். நீ போதும்னுட்ட.”

கெளப்பி விட்டது நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. “உடம்பப் பாத்துக்குங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் ஊர் முழுக்கக் குடி என்றே பேச்சு. பாகவதர் என்னைக் கேட்டார்: “நீதானய்யா பக்கத்துல உக்காந்திருந்த. சூடம் அடிச்சு சத்தியம் பண்ணானாமே, உண்மையா?”

“ஆமா, பண்ணாரு.”

“என்னான்னு?”

“குடிச்சிருந்தா கை வெளங்காமப் போகட்டும்னு.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், “கை போச்சில்ல? ஆத்தா காட்டிட்டா” என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போத்தலைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இருமலை ஏன் மறைத்தார் என்று கேட்பார்கள். நெஞ்சு நோய் என்று யார் சொன்னது என்று கேட்பார்கள். அது கிணற்றடி வழியாக நேராக என் வீட்டுக்குத்தான் வரும். எல்லோரும் கன்னத்தில் போட்டபோது நானும் போட்டுக்கொண்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த பெரிய பொய்யன் நான்தான்.

வேன் போனது. வேலை போனது. மணிக்கட்டு கோணலாகக் கூடியது. மிருதங்கம் அதோடு நின்றது. குடும்பத்தோடு வடக்கே சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார். அங்கேயே இறந்தும் போனார். நான் கடைசிவரை போய்ப் பார்க்கவில்லை.

போன மாதம் ஆயர் குரோவிலிருந்து ஒரு குடும்பம் என்னைத் தேடி வந்தது. அவர் பேத்தியைத் தங்கள் பையனுக்குப் பார்க்கிறார்களாம். “பொய்ச் சத்தியம் பண்ண வம்சம்னு சொல்றாங்களே, நீங்க பழைய ஆளு, சொல்லுங்க” என்றார்கள். அவர்களிடம்தான் முதல் முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். பையனுடைய அம்மா கேட்டுவிட்டு, “அப்படியா” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்கிறானே, யார் சொல்லிக்கொடுத்தார்களோ என்று இருந்தது அந்தப் பார்வை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை.

அதனால் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் இதை யாரிடம் சொன்னாலும் உள்ளது உள்ளபடியே சொல்ல வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். அவர் குடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூக்கத்தோடு ஓட்டினார் என்பதை விட்டுவிடாதீர்கள்; அது தப்புதான், அவரே ஒப்புக்கொண்ட தப்பு. அம்மன் தண்டித்தாள் என்று எதையும் சேர்க்காதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு, சோறு சாப்பிடும்போது நான் சொன்ன அந்த வார்த்தையையும், கூடத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வியையும் எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டால், ஒரு மனுஷன் தன் இருமலுக்கு ஏன் அவ்வளவு பயந்தான் என்பது யாருக்கும் புரியாது.